வெர்லின் ஹௌகனின் வால்வு வேலை

மனித குலத்தில் இரண்டே வகைதான் உண்டு. தன் மோட்டார் சைக்கிளைத் தன் கையாலேயே பழுது பார்த்துக்கொள்கிறவன் ஒருவன். டீலரிடம் பணத்தைக் கட்டிவிட்டு அங்கே நாற்காலியில் உட்கார்ந்து பழைய பத்திரிகை புரட்டுகிறவன் மற்றவன். முதல் வகை இருக்கும்வரைதான் இந்த நாடு சுதந்திர நாடு. எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆரின் ட்வீட்டன் எழுந்து நின்று இதைச் சொன்னபோது அவன் கையில் ஒரு வெள்ளரி ஊறுகாய் பாட்டில் இருந்தது. பேசிக்கொண்டே மூடியைத் திருகினான். அது அசையவில்லை. சுதந்திரம் என்ற இடத்துக்கு வந்ததும் பாட்டிலை மார்லிஸிடம் நீட்டினான். அவள் திறந்து கொடுத்தாள்.

சங்கம் என்று பெரிதாகச் சொன்னாலும் நாங்கள் நான்கு பேர்தான். இன்ஷூரன்ஸ் விற்று ஓய்வு பெற்ற ஆரின் தலைவன். அவனைவிட்டால் நீளமாகப் பேச வேறு ஆள் இல்லை. டுவெய்ன் தபால்காரனாக இருந்தவன். லோவல் என்கிற நான் தானியக் கிடங்கில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். நாலாவது ஆள் வெர்லின் ஹௌகன். மார்லிஸ் அவன் மனைவி. கூட்டம் எப்போதும் அவர்கள் வீட்டுச் சமையலறையில்தான் நடக்கும். மோட்டார் சைக்கிள் சங்கம் கராஜில் கூடாமல் சமையலறையில் கூடுவானேன் என்று கேட்கலாம். கராஜில் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று வெர்லின் சொல்வான். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

எங்களுக்குள் மேல் கீழ் உண்டு. வண்டியைச் சும்மா ஓட்டுகிறவன் கீழ்ப்படி. தானே ஆயில் மாற்றி ஓட்டுகிறவன் அதற்கு மேல். வண்டியைக் கழற்றிப் போட்டிருப்பதால் ஓட்ட முடியாமல் இருக்கிறவன் உச்சி. அந்த உச்சியில் வெர்லின் பல கோடைகளாக இருந்தான். சனிக்கிழமை காலை நாங்கள் மூவரும் வண்டிகளில் உறுமிக்கொண்டு உணவகத்துக்குப் போனால், அவன் தன் பழைய பிக்கப் டிரக்கில் வந்து இறங்குவான். “பிரிச்சுப் போட்டிருக்கேன்” என்பான். நாங்கள் நகர்ந்து அவனுக்கு ஜன்னலோர இடம் கொடுப்போம்.

அவனுடைய பெரும் புகழுக்குக் காரணம் பிப்ரவரி மாத வால்வு வேலை. வெளியே பனி இடுப்பளவு கிடக்கும்போது அவன் கராஜுக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வான். அவனுடைய ஜப்பான் வண்டியில் நாலு சிலிண்டர், பதினாறு வால்வு. ஒவ்வொரு வால்வுக்கும் மேலே தாள் கனமே உள்ள ஓர் இடைவெளி; அதை ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய தகட்டை விட்டு அளக்க வேண்டும். “தகடு உள்ள போறப்ப லேசா ஒரு இழுப்பு இருக்கணும். சும்மா போனாலும் தப்பு, மாட்டிக்கிட்டாலும் தப்பு. அந்த இழுப்பு விரலுக்குத்தான் தெரியும், வாயால சொல்ல வராது” என்பான். பிறகு அதை வாயால் ஒரு மணி நேரம் சொல்வான். நாங்கள் எங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவோம்.

மார்லிஸ் காபி ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். வடக்கே பெரிய ஏரியின் கரையோரமாக அவளைப் பின்னால் உட்கார வைத்து ஒரு நீண்ட பயணம் போவதாக வெர்லின் ஒவ்வொரு வருடமும் சொல்வான். வால்வு மட்டும் சரியாகிவிட்டால் போதும். இப்போதிருக்கும் நிலையில் இரண்டு பேர் பாரத்தை இன்ஜின் தாங்காது. அவள் அந்தப் பின் இருக்கையில் கடைசியாக எப்போது உட்கார்ந்தாள் என்று எங்களில் யாருக்கும் நினைவில்லை. அவளுக்கு இருந்திருக்கும்.

ஜனவரியில், தூக்கத்தில், வெர்லின் செத்துப்போனான். எங்கள் ஊரில் ஜனவரியில் மண் உறைந்து இரும்பாகிவிடும்; குழி தோண்ட முடியாது. குளிர்காலத்தில் சாகிறவர்கள் அடக்கத்துக்கு மே மாதம்வரை காத்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள்களும் அதுவரை வெளியே வராது. தேவாலயத்தில் ஜெபம் முடிந்து, அடித்தளத்து அறையில் எல்லோரும் ஹாம் சாண்ட்விச்சும் தண்ணீராய் இருந்த காபியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மார்லிஸ் எங்கள் மேசைக்கு வந்தாள். வெர்லினை எரித்த சாம்பல் இருந்த பெட்டியை அவள் கையிலேயே வைத்திருந்தாள். எங்கே வைப்பதென்று தெரியவில்லை போலிருந்தது.

“மண்ணு இளகினதும் இவர அந்த வண்டியிலதான் கொண்டு போகணும். லோவல், நீ ஓட்டு. நான் பின்னாடி உட்கார்ந்து பெட்டிய மடியில வச்சுக்கறேன்” என்றாள். கொஞ்சம் நிறுத்தி, “கல்லறை வரைக்கும்தான். ஏரிக்கெல்லாம் வேணாம்” என்றாள்.

ஆரின் எழுந்துவிட்டான். சாண்ட்விச்சைக் கீழே வைக்காமலே ஒரு சபதம் செய்தான். வெர்லினின் வண்டியை எந்த டீலரின் கையும் தொடாது. சங்கத்தின் கைகளே அதைத் தயார் செய்யும். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் கைதட்டுவதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஏப்ரலில் பனி கரைந்ததும் முதன்முறையாக அந்தக் கராஜுக்குள் போனோம். ஆளுக்கொரு கருவிப் பெட்டியோடு, பிரிந்து கிடக்கும் இன்ஜினை எதிர்பார்த்துப் போனோம். வண்டி முழுசாக நின்றது. முன் சக்கரம் உள்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க, ஒரு தூசி இல்லாமல், குரோமில் எங்கள் மூன்று முகமும் தெரியும்படி பளபளத்தது.

“எல்லாத்தையும் திரும்பப் பூட்டி வச்சுட்டுப் போயிருக்கான்யா. சாவு வரப்போறது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றான் ஆரின்.

“அப்படித் தகவல் சொல்ற தபால் எதுவும் என் கை வழியாப் போகலையே” என்றான் டுவெய்ன்.

சாவியைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினேன். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. கிழவன் தொண்டையைச் செருமுவதுபோல இழுத்து இழுத்து நின்றது. ஆரின் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, பேட்டரி என்றான். புது பேட்டரி போட்டோம். அதே செருமல், கொஞ்சம் உற்சாகமாக. அடுத்த சனிக்கிழமை ஸ்பார்க் பிளக் என்றான். மாற்றினோம். அதற்கடுத்த வாரம் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம்; திரும்பப் பூட்டியபோது ஒரு சின்ன ஸ்பிரிங் மிச்சமிருந்தது. அது கூடுதலாகக் கொடுப்பது என்று ஆரின் சொன்னான். டுவெய்ன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நான் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நடுவில் ஒரு தடவை டுவெய்ன், இது வால்வாக இருக்குமோ என்று மெதுவாகக் கேட்டான். ஆரினின் முகம் சிவந்தது. கார்புரேட்டரைச் சந்தேகப்படலாம், பெட்ரோலைச் சந்தேகப்படலாம். ஒவ்வொரு பிப்ரவரியும் வெர்லின் தன் விரலால் சரி செய்த வால்வுகளைச் சந்தேகப்படுவது செத்தவனைக் கல்லால் அடிப்பது போல என்றான். டுவெய்ன் மன்னிப்புக் கேட்டான்.

மார்லிஸ் ஒவ்வொரு முறையும் சமையலறைக் கதவருகே காபித் தட்டோடு வந்து நிற்பாள். கராஜுக்குள் காலை வைக்க மாட்டாள். “ஆச்சா?” என்பாள். “ஆயிட்டே இருக்கு” என்பான் ஆரின். அவள் தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போவாள். அடக்கத்துக்குப் பாதிரியார் நாள் குறித்தாகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஆரினிடம் சொல்லாமல் தன்னை நெடுஞ்சாலை டீலரிடம் அழைத்துப் போகச் சொன்னாள். போனோம். அது கண்ணாடியால் கட்டிய பெரிய இடம். வாசலில், எங்கள் குடும்பத்துக்கு வருக என்று எழுதியிருந்தது. பழுது பார்க்கும் பகுதியில் இஸ்திரி போட்ட சட்டையோடு டேனர் என்ற இளைஞன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மெக்கானிக் என்று பெயரில்லை, சேவை ஆலோசகர். கையில் கரி படாமலிருப்பது அந்தப் பதவிக்குத் தகுதி. கணினியில் பெயரைத் தட்டினான். வெர்லின் என்றோ அங்கே ஒரு ஜோடி கையுறை வாங்கியிருக்கிறான். அதனால் அவன் குடும்பத்தில் ஒருவன் என்று கணினி சொன்னது. பிறந்த நாளுக்கு வாழ்த்துகூட அனுப்பியிருக்கிறார்களாம், இந்த மார்ச்சில்.

“அவரு ஜனவரியில போயிட்டாரு” என்றாள் மார்லிஸ்.

டேனர் வருத்தம் தெரிவித்தான். வண்டியின் வருடத்தைக் கேட்டான். சொன்னதும் அவன் வருத்தம் இன்னும் கூடியது. “பத்து வருஷத்துக்கு மேல ஆனத நாங்க உள்ள எடுக்கறதில்ல மேடம். கம்பெனி விதி.”

“என் புருஷனுக்கு வயசு எழுபத்தொண்ணு. போன வருஷம்கூட ஆஸ்பத்திரியில உள்ள எடுத்துக்கிட்டாங்களே” என்றாள் அவள்.

அதற்கு அவனிடம் விதி இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, இந்த வசந்த காலத்தில் புது வண்டிகளுக்கு நல்ல சலுகை இருக்கிறது, ஒன்றை ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று அந்த விதவையைக் கேட்டான். காபி இலவசம் என்றும் சொன்னான். அவள் காபியை வாங்கிக் குடித்தாள். எங்கள் ஊரில் கொடுக்கிற காபியை மறுக்கிற வழக்கமில்லை. திரும்பி வரும்போது உழுத வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். “இனிமே நீங்கதான்” என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில், அடக்கத்துக்கு முந்தின சனிக்கிழமை, மாற்றுவதற்கு வேறு எதுவும் மிச்சமில்லாததால் வால்வுகளுக்கு மேலே இருக்கும் இன்ஜினின் தலை மூடியைத் திறக்க ஆரின் சம்மதித்தான். வெர்லினின் வேலையைக் கண்ணால் பார்க்கும் பாக்கியமாவது கிடைக்கட்டும் என்றான். டேங்கைக் கழற்றி எடுத்தோம். டுவெய்ன் விளக்கைப் பிடித்துக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

தொழிற்சாலையில் ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும், முடிந்தது என்பதற்கு அடையாளமாக அதன் தலையில் ஒரு பொட்டு பெயிண்ட் வைப்பார்கள். பொட்டு போல்ட்டிலும் மூடியிலுமாகச் சேர்ந்து விழும். ஸ்பானரை ஒரே ஒரு தடவை வைத்துத் திருகினாலும் அது உடைந்துவிடும். மூடியில் இருந்த எல்லா போல்ட்டிலும் மஞ்சள் பொட்டு இருந்தது. ஒன்றில்கூட விரிசல் இல்லை. ஜப்பானில் யாரோ ஒருவர் வைத்த பொட்டு, எங்கள் வெர்லினின் எல்லாப் பிப்ரவரிகளையும் தாண்டி, முட்டையின் மஞ்சள் கருப்போல அப்படியே இருந்தது.

ஆரின் தன் விரலால் ஒன்றைத் தடவிப் பார்த்தான். இது வேறு ஏதோ பெயிண்டாக இருக்கும் என்றான். பிறகு, வெர்லினே வேலை முடிந்ததும் பொட்டு வைத்திருக்கலாம் என்றான்.

“சரி, திறந்துட்டா வேலைய நாமளே பண்ணிடலாம்ல. ஆரின், நீ ஆரம்பி” என்றான் டுவெய்ன்.

தன்னுடைய வண்டி வேறு மாடல் என்றான் ஆரின். அதில் வால்வு வேறு மாதிரி. டுவெய்ன் செய்யட்டும் என்றான். டுவெய்னுக்கு முதுகு சரியில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையில் தொங்கிய பனி வாரியைப் பார்த்தேன். எத்தனையோ பிப்ரவரிகள் அந்தச் சமையலறையில் விரலைப் பார்த்துத் தலையாட்டிய மூன்று பேர் நாங்கள். ஆரினுடைய ஃபீலர் கேஜ் அவன் பெட்டியில் இருந்தது. அதைச் சுற்றியிருந்த எண்ணெய்த் தாள் கடையில் வாங்கியபடியே இருந்தது.

“காபி ஆறுது” என்று மார்லிஸின் குரல் கேட்டது. வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஆரின் சட்டென்று விளக்கின் குறுக்கே நின்றான்.

“வால்வெல்லாம் அருமையா வச்சிருக்கான் மார்லிஸ். அப்படியே கடிகாரம் மாதிரி” என்றான்.

அவள் படியிறங்கிக் கராஜுக்குள் வந்தாள். வண்டியின் பின் இருக்கையில் கையை வைத்துக்கொண்டாள்.

“ஒரு தடவ சாப்பிடக் கூப்பிடலாம்னு இந்தக் கதவத் திறந்தேன். ஹெல்மெட் போட்டுக்கிட்டு வண்டி மேல உட்கார்ந்திருந்தாரு. கையுறை, கோட்டு, எல்லாம் மாட்டிக்கிட்டு. சுவரப் பாத்துக்கிட்டு. வளைவுல திரும்பற மாதிரி கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சாரு. அப்புறம் அந்தப் பக்கம்.” கையால் காட்டினாள். “நான் சத்தமில்லாம சாத்திட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் கூப்பிடப் போனதில்ல. சாப்பாட்டத் திரும்பத் திரும்ப சூடு பண்ணி வச்சுட்டு உட்கார்ந்திருப்பேன்.”

அவனிடம் கேட்கவே இல்லையா என்று டுவெய்ன் கேட்டான்.

“கேட்டா வால்வும்பாரு.” இருக்கையில் இல்லாத தூசியை ஒரு தட்டுத் தட்டினாள். “எங்கயோ போய்ட்டிருந்தாரு. இந்த சீட்டு காலியாத்தான் இருந்துச்சு. நான் ஒருத்தி உள்ள சும்மாத்தானே உட்கார்ந்திருந்தேன்.”

ஹீட்டர் டக்டக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. ஆரின் விளக்கின் குறுக்கிலிருந்து விலகி நின்றான்.

“உங்கள்ல யாருக்காவது இதச் சரி பண்ணத் தெரியுமா? இல்ல, நீங்களும் வால்வுதானா?” என்றாள் மார்லிஸ்.

முயன்றோம், அதைச் சொல்லத்தான் வேண்டும். மஞ்சள் பொட்டுகளை உடைத்து மூடியைத் திறந்தோம். ஆரின் எண்ணெய்த் தாளைப் பிரித்து, இருப்பதிலேயே மெல்லிய தகட்டை எடுத்து, முதல் வால்வின் மேல் வைத்து அழுத்தினான். நுழையவில்லை. அடுத்ததிலும் நுழையவில்லை. வருடக்கணக்கில் யாரும் பார்க்காததால் இடைவெளியெல்லாம் மூடிப்போயிருந்தது. இழுப்பு என்று வெர்லின் சொன்னதை எங்கள் விரல்கள் கடைசிவரை அறியவில்லை. இதற்கு உள்ளிருக்கும் தண்டையே கழற்றி, அடியில் அளவு பார்த்துச் சின்ன வில்லைகளை மாற்ற வேண்டும் என்று ஆரினின் கைபேசியில் ஓடிய வீடியோவில் ஒருவன் விளக்கினான். நன்றாகத்தான் விளக்கினான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே, உங்களுக்கு முழு நம்பிக்கை இல்லையென்றால் டீலரிடம் கொண்டுபோங்கள் என்றான். ஆரின் அதை அணைத்துவிட்டான். மூடியைத் திரும்பப் பூட்டினோம். போல்ட்டுகளைச் சரியான இறுக்கத்துக்கு முறுக்கினோம். அந்த வண்டியில் நாங்கள் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

வண்டி ஓடாது என்று மார்லிஸிடம் நான்தான் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமல், “உட்காரவாவது முடியும்ல” என்றாள்.

அடக்க நாள் காலையில் டுவெய்ன் புல்வெட்டும் இயந்திரம் ஏற்றுகிற தன் ட்ரெய்லரைக் கொண்டுவந்து கராஜ் வாசலோடு ஒட்டி நிறுத்தினான். வண்டி சுவரைப் பார்த்து நின்றதால் பின்பக்கமாகவே இழுத்து, பலகை வழியாக அப்படியே மேலே ஏற்றிவிட்டோம். பட்டைகளால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய பிறகுதான் அது சாலைக்கு முதுகைக் காட்டி, பின்னால் வருகிறவர்களைப் பார்த்து நிற்கிறது என்று தெரிந்தது. அவிழ்த்துத் திருப்ப நேரமில்லை என்று ஆரின் சொன்னான். உண்மையில் ட்ரெய்லரில் திருப்ப இடமில்லை.

மார்லிஸ் கறுப்புக் கோட்டும், என்றோ வாங்கி ஒருமுறைகூடப் போடாத ஒரு ஹெல்மெட்டும் அணிந்து வந்தாள். டுவெய்ன் கை கொடுத்து ஏற்றிவிட்டான். பின் இருக்கையில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். முன் இருக்கை காலியாக இருந்தது. உறவுக்காரர்கள் பாதிரியாரோடு முன்னமே கல்லறைக்குப் போயிருந்தார்கள். வெர்லினின் பிக்கப்பில் ட்ரெய்லரை மாட்டி நான் ஓட்டினேன். எனக்குப் பின்னால் டுவெய்னும், கடைசியில் ஆரினும் தங்கள் வண்டிகளில் வந்தார்கள். தலைவன் கடைசியில் வருவதுதான் மரியாதை என்று ஆரின் சொல்லியிருந்தான். கல்லறையில் படிக்க வேண்டிய இரங்கலுரை அவன் தோல் ஜாக்கெட்டுக்குள் இருந்தது.

காற்று பலமாக அடித்தது. நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போனோம். கண்ணாடியில் அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது. பாலத்துக்கு முன்னால் உள்ள வளைவில் அந்த முதுகு மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. பட்டை தளர்ந்துவிட்டதோ என்று பயந்து பிரேக்கில் காலை வைத்தேன். பட்டை சரியாகத்தான் இருந்தது. பாலத்தைத் தாண்டியதும் அடுத்த வளைவில் மறுபக்கம் சாய்ந்தது. அதன்பின் நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

கல்லறையில் எல்லோரும் குழியைச் சுற்றி நின்றோம். பாதிரியார் ஆரினைப் பேச அழைத்தார். யாரும் முன்வரவில்லை. ஒருவரையொருவர் பார்த்தோம். ஆரின் இல்லை. டுவெய்ன் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு ஓட்டுகிறவன். அவனுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது.

“ரயில் கேட் தாண்டினதுமே நின்னுட்டான். கை காட்டினான்” என்றாள் மார்லிஸ்.

சத்தம் போட்டாவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்றேன்.

“நானும் கை காட்டினேன்” என்றாள்.

இரங்கலுரை இல்லாமலே வெர்லினை இறக்கினோம். தன் வண்டியை வேறு கை தொட விட்டதில்லை என்று அவனைப்பற்றி யாரும் சொல்லவில்லை. பாதிரியார் சங்கீதம் ஒன்றைப் படித்தார்; பாதி காற்றில் போயிற்று. மார்லிஸ் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது ரயில் கேட்டுக்கு அப்பால் சாலையோரப் புல்லில் ஆரின் முழங்காலிட்டிருந்தான். கருவிகளையெல்லாம் வரிசையாகப் பரப்பி, நாலு பிளக்கையும் கழற்றித் துணியில் வைத்திருந்தான். முகமெல்லாம் கரி. கார்புரேட்டரில் அடைப்பு, கண்டுபிடித்துவிட்டேன், இன்னும் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும் என்றான். டுவெய்ன் அவன் வண்டியின் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். டேங்கில் பெட்ரோல் இல்லை.